சோவியத் யூதர்களின் வெளியேறும் உரிமை: விண்ணப்பம் எந்த இடத்தில் முட்டி நின்றது?

பாமணி, மன்னார்குடி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் சோவியத் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறும் உரிமைக்காக நடத்திய போராட்டம் பற்றிப் பேச வேண்டும். பேச்சு 45 நிமிடம், பிறகு கேள்வி நேரம். திருவாரூர், நாகை, மன்னார்குடி பக்கம் 'சோவியத் நாடு' இதழையும் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களையும் விடாமல் படித்தவர்கள் நிறைய. 'ஒடுக்குமுறை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்க முடியாது. எந்த அலுவலகம், எந்தக் காகிதம், எந்தச் சட்டப்பிரிவு என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பதுதான் முறையும்கூட.

மேலோட்டமான கட்டுரைகள் எல்லாமே, இந்தப் போராட்டத்தின் பிரபல முகமான ஷரான்ஸ்கி கைதாவதில் தொடங்கி, பெர்லின் பாலத்தில் அவர் விடுதலையாவதோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு முன்னால், ஒரு சாதாரணக் குடும்பம் விண்ணப்பம் போட்டால் என்ன நடந்தது என்பதுதான் எனக்குத் தேவை. என்னென்ன காகிதம், எவ்வளவு பணம், எங்கே சிக்கும்? வெளியேறக் கூடாது என்று சட்டமே இருந்ததா? இன்னொன்று, கூட்டத்தில் கட்டாயம் எழப்போகும் கேள்வி: 'அரசு இலவசமாகப் படிக்க வைத்தது. போகிறவன் அந்தச் செலவைத் திருப்பிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?' இதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

அரசலாறு, கும்பகோணம்:

வணக்கம் தோழர். சட்டக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

யூதர்கள் வெளியேறக் கூடாது என்று சோவியத் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. வெளியேறுவது குடிமகனின் உரிமை என்றும் ஒரு வரி கிடையாது. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 13-வது பிரிவு, தன் சொந்த நாடு உட்பட எந்த நாட்டைவிட்டும் போகும் உரிமை எவருக்கும் உண்டு என்கிறது. 1948-ல் அந்தப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது சோவியத் ஒன்றியம் வாக்களிக்காமல் விலகி நின்றது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை 1973-ல் ஏற்று உறுதிசெய்தார்கள். 1976 மார்ச்சில் அது நடப்புக்கு வந்தது. அதன் 12-வது பிரிவிலும் இதே உரிமை இருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்ற உள்நாட்டுச் சட்டம் வரவில்லை. நடைமுறையில் அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட காரணம் ஒன்றே ஒன்று: பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வது. மதத்துக்காக, மொழிக்காக, பிள்ளைகளின் படிப்புக்காகப் போகிறேன் என்று எழுத அங்கே இடமில்லை.

அதனால் முதல் காகிதமே இஸ்ரேலில் இருக்கும் உறவினர் அனுப்பும் அழைப்புப் பத்திரம். ரஷ்ய மொழியில் 'வீஸவ்'. உறவினர் அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். வழியில் பல பத்திரங்கள் காணாமல் போயின. வந்து சேர்ந்ததும் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். மற்ற காகிதங்களைத் திரட்டுவதற்குள் அந்த ஆண்டு ஓடிவிட்டால் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். உறவினரே இல்லாதவர்கள், தங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரியை அனுமதி கிடைத்துப் புறப்படுகிறவர்களிடம் கொடுத்தனுப்பி அங்கிருந்து பத்திரம் வரவழைத்தார்கள்.

விண்ணப்பம் வாங்கும் இடம் உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள விசா, பதிவுப் பிரிவு. எல்லாரும் 'ஓவீர்' என்றே சொல்வார்கள். அழைப்புப் பத்திரத்தோடு ஓவீர் கேட்ட காகிதங்களில் இரண்டுதான் ஆளைச் சாய்த்தன.

ஒன்று, வேலை செய்யும் இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று. இந்தக் காகிதத்தால் ஓவீருக்குப் புதிதாக எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. ஆனால் அதைக் கேட்டுப் போன நிமிடமே, இந்த ஆள் நாட்டைவிட்டுப் போகப் பார்க்கிறார் என்பது நிறுவனம் முழுக்கத் தெரிந்துவிடும். உடனே கூட்டம் கூட்டுவார்கள். தொழிற்சங்கம், கட்சிக் கிளை, சக ஊழியர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து கண்டிக்க வேண்டும்; பேசாமல் உட்கார்ந்திருப்பவர் பெயரும் கவனிக்கப்படும். அதன் பிறகு பதவியிறக்கம் அல்லது வேலைநீக்கம். விசா கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே வேலை போய்விடும். ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இது அனேகமாக நிச்சயம்.

இரண்டாவது, பெற்றோரின் சம்மதம். போகிறவருக்கு வயது ஐம்பது ஆனாலும், உயிரோடிருக்கும் தாய் தகப்பன் 'எனக்கு இவரிடமிருந்து பணப்பாக்கி ஏதும் வர வேண்டியதில்லை' என்று சான்றளித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணமுறிவு ஆனவர் என்றால் முன்னாள் துணையும் போட வேண்டும். அந்த அப்பா கட்சி உறுப்பினராகவோ பாதுகாப்புத் தொழிற்சாலைப் பொறியாளராகவோ இருந்தால், கையெழுத்துப் போட்டதே அவருக்கு வினையாகும். பயந்து மறுத்துவிடுவார். கையெழுத்து இல்லையென்றால் ஓவீர் விண்ணப்பத்தைக் கையில் வாங்காது. வாங்காததால் மறுத்ததாகவும் கணக்கில் வராது. இப்படி மாட்டிக்கொண்டவர்களை அந்த வட்டாரத்தில் 'ஏழை உறவினர்கள்' என்றார்கள். மறுக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை பற்றிப் பேசும்போது இவர்களை விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கையில் வராதவர்கள் இவர்கள்தான்.

மறுப்பு வந்த விதத்தைச் சபையில் கட்டாயம் சொல்லுங்கள். பல மாதம் கழித்து, இன்ன தேதியில் வா என்று தபால் அட்டை வரும். போனால் அதிகாரி வாயால் சொல்வார்: 'உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டது.' கையில் காகிதம் எதுவும் தர மாட்டார்கள். யார் முடிவெடுத்தது, எந்த விதிப்படி என்பதற்கு எழுத்தில் பதில் கிடையாது. எழுத்தில் உத்தரவு இல்லாதபோது எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

நம் கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இருப்பார்கள், திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம் தெரிந்தவர்கள். நம் 1967 பாஸ்போர்ட் சட்டப்படி, பாஸ்போர்ட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கேட்டால் நகல் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. காரணம் சொல்லாமல் முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி போட்ட வழக்கில்தான் 1978 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெரிய தீர்ப்பைத் தந்தது. அந்த வழக்குக்குக் கைப்பிடியாக இருந்தது ஓர் அரசுக் காகிதம். மாஸ்கோவில் அந்தக் கைப்பிடியைத்தான் திட்டமிட்டுத் தராமல் வைத்திருந்தார்கள்.

அனுமதி கிடைத்தவர்கள் பாடும் சுலபமில்லை. 1967 பிப்ரவரி ஆணைப்படி இஸ்ரேலுக்குப் போகிறவர் குடியுரிமையை இழப்பார். இழப்பதற்கும் கட்டணம் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் விசாவுக்கு 400 ரூபிள், குடியுரிமையைத் துறக்க 500 ரூபிள், ஆக வயதுவந்த ஒருவருக்கு 900. அன்றைய சராசரி மாதச் சம்பளம் 130 ரூபிள் சுற்றி. கணவன் மனைவி இருவருக்கும் 1,800 என்றால் ஒருவரின் பதினான்கு மாதச் சம்பளம் அப்படியே போகும், அதுவும் வேலை போன பிறகு. 1967 ஜூன் போரோடு மாஸ்கோ இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டதால், இஸ்ரேல் விசாவை நெதர்லாந்துத் தூதரகத்தில் வாங்க வேண்டும். ஆஸ்திரியத் தூதரகத்தில் வழிப்பயண விசா. பிறகு ரயிலிலோ விமானத்திலோ வியன்னா. வீட்டை ஒப்படைத்து, சாமான்களை விற்று, சுங்கச் சோதனை முடித்துக் கிளம்பப் பல குடும்பங்களுக்குச் சில வாரங்கள்தான் அவகாசம்.

வெட்டாறு, நாகப்பட்டினம்:

படிப்புச் செலவுக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் அதைக் கேட்பவர் உண்மையான நியாய உணர்ச்சியோடுதான் கேட்பார். அவரைக் கடிந்து பேசாமல் கணக்கை எடுத்து வையுங்கள்.

நீங்கள் சொல்வது 1972 ஆகஸ்ட் 3 ஆணை; 'பட்டயவரி' என்று பெயர் பெற்றது. சோஷலிச நாடுகள் தவிர்த்து வேறு நாடுகளில் குடியேறப் போகிறவர்கள், பெற்ற உயர்கல்விக்கு ஏற்றபடி ஏறத்தாழ 4,500 ரூபிளிலிருந்து 19,400 ரூபிள்வரை கட்ட வேண்டும். மாஸ்கோ பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு 12,200. மாதம் 130 ரூபிள் சம்பளத்தில் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழே முக்கால் ஆண்டுக்கு மேல் ஆகும். இது அரசலாறு சொன்ன 900-க்கு மேல், தனி.

நியாயத்துக்கு வருவோம். சோவியத் பட்டதாரி படிப்பு முடித்ததும் அரசு காட்டுகிற இடத்தில் மூன்றாண்டு வேலை செய்தாக வேண்டும். இலவசக் கல்விக்கான கைம்மாறு என்று அரசே அதைத்தான் சொன்னது. பல ஆண்டு வேலையும் பார்த்தவரிடம், சேரும்போது இல்லாத ஒரு கடனைப் பின்னாளில் எழுதி வைத்தார்கள். இரண்டாவது, வெளிநாட்டுக்குப் போகாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பட்டதாரியிடம் இதைக் கேட்கவில்லை. ஆகவே வசூலான பணம் கல்விக்கான விலையாக இருக்க முடியாது. அது வெளியேறுவதன் விலை.

உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. 1973 மார்ச்சோடு வசூல் நின்றது. ஆணையை மட்டும் உடனே விலக்கவில்லை. அதற்குள் அமெரிக்காவில் செனட்டர் ஜாக்சனும் பிரதிநிதிகள் சபையின் வானிக்கும் வர்த்தகச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள்: குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாட்டுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது. 1973 செப்டம்பரில் சோவியத் இயற்பியலாளரும் மனித உரிமைப் போராளியுமான சாகரவ் அமெரிக்கக் காங்கிரசுக்குத் திறந்த கடிதம் எழுதி அதை ஆதரித்தார். 1975 ஜனவரி 3-ல் அதிபர் போர்டு கையெழுத்திட்டார். அதே மாதம் மாஸ்கோ வர்த்தக ஒப்பந்தத்தையே கைவிட்டது.

இந்தத் திருத்தம் பலன் தந்ததா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள். 1970-ல் ஆயிரம் பேர் சுமாருக்கு வெளியேறினார்கள். 1971-ல் 13,000. 1973-ல் 34,700-க்கு மேல். 1975-ல் மறுபடி 13,000. ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சு சூடாக இருந்த 1979-ல் 51,000-ஐத் தாண்டியது. அந்த டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் படை போனது. 1982-ல் 2,700-க்கும் கீழே, 1984-ல் 900-க்கும் கீழே வந்துவிட்டது. மேட்டூரில் ஷட்டரை ஏற்றி இறக்கினால் கடைமடைக்காரன் வயல் காய்வதும் நனைவதும் அவன் கையில் இல்லையே, அப்படி. விண்ணப்பித்தவர் தகுதியில் எந்த மாற்றமும் இல்லை. மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் இருந்த உறவுதான் ஏறி இறங்கியது. உரிமை என்று எழுதி வைத்திருந்தால் இப்படி ஏற்ற இறக்கம் வந்திருக்காது என்பதுதான் இந்த எண்கள் எனக்குச் சொல்வது. ஜாக்சன்-வானிக் திருத்தம் குறுகிய காலத்தில் எண்ணிக்கையைக் குறைத்தது என்பவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் விவகாரத்தை உள்நாட்டு நிர்வாகக் காரியம் என்று மூடிவிட முடியாமல் செய்தது அதுதான்.

பாமணி, மன்னார்குடி:

அரசலாறு தோழருக்கும் வெட்டாறு ஐயாவுக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். மறுப்புக்குப் பெரும்பாலும் 'அரசு ரகசியம்' என்று காரணம் சொன்னதாகப் படித்தேன். அது எவ்வளவு உண்மை? வேலை போனவர் எப்படிக் குற்றவாளியாக ஆனார்?

வீரசோழன், மயிலாடுதுறை:

தம்பி, இரண்டுக்கும் ஒரே வேர்தான்.

சோவியத் நிறுவனங்களில் 'முதல் பிரிவு' என்று ஓர் அறை இருக்கும். ரகசியக் காகிதங்களும் ஊழியர்களின் அனுமதிப் படிவங்களும் அதன் பொறுப்பு. உண்மையான ஆயுத ரகசியம் தெரிந்தவரைச் சில காலம் நிறுத்தி வைப்பதை எவரும் குறை சொல்ல மாட்டார். கோளாறு எங்கே என்றால், காலவரம்பு எழுதப்படவில்லை. 1985-ல் சோவியத் தலைவர் கர்பசோவ் (கோர்பசேவ்) பிரெஞ்சுத் தொலைக்காட்சியில், ஐந்திலிருந்து பத்தாண்டுக்குள் தீர்ந்துவிடும் என்ற பொருளில் பேசினார். விளாதிமிர் ஸ்லெபாக் என்ற வானொலிப் பொறியாளர் 1970-ல் விண்ணப்பித்தவர். அந்தப் பேட்டி வந்தபோது பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. போக விட்டது 1987 அக்டோபரில். கணினி, கட்டுப்பாட்டியல் அறிஞர் அலெக்சாந்தர் லெர்னர் 1971-ல் விண்ணப்பித்து 1988 ஜனவரியில் போனார். பழைய ஆய்வு புத்தகத்தில் அச்சாகி உலகமே படித்த பின்னும் அந்த ஆளைப் பொறுத்தவரை ரகசியம் ரகசியமாகவே இருந்தது. கணவருக்கு ரகசியம் தெரியும் என்று மனைவி மக்களையும் நிறுத்தினார்கள்.

1979 வாக்கில் இன்னொரு காரணம் பெருத்தது: 'போதிய நெருங்கிய உறவில்லை'. ஒடெசா, கீவ், கார்கவ் பக்கம் முதலில் வந்தது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் அனுப்பிய அழைப்பு மட்டும் செல்லும். அத்தை மகன், சித்தப்பா அழைப்பெல்லாம் செல்லாது. 1986 ஆகஸ்டில் இதை ஆணையாகவே எழுதி, 1987 ஜனவரி 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். முதல் தடவையாக விதி அச்சில் வந்தது என்ற அளவில் முன்னேற்றம், ஆனால் இறுக்கிய விதி.

இனி குற்றவாளி ஆக்கிய வழி. வேலையிலிருந்து நீக்குகிறார்கள். நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்று ரஷ்யக் குடியரசுக் குற்றவியல் சட்டம் 209-வது பிரிவில் வழக்கு வரலாம். படித்த படிப்புக்கு எவரும் வேலை தர மாட்டார். ஆகவே இயற்பியல் முனைவர்கள் கொதிகலன் அறையில் அடுப்புத் தள்ளவும், லிப்ட் இயக்கவும், இரவுக் காவலுக்கும் போனார்கள். ஹீப்ரு கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறேன் என்று யோசிஃப் பேகுன் சொன்னார். அதைத் தொழிலாகப் பதிவுசெய்ய மறுத்தார்கள், பிறகு தொழிலில்லாதவர் என்று 1977-ல் கைதுசெய்தார்கள். 1983-ல் 'சோவியத் எதிர்ப்புப் பிரசாரம்' என்ற 70-வது பிரிவில் ஏழாண்டுச் சிறையும், ஐந்தாண்டு நாடுகடத்தலும் (நாட்டுக்குள்ளேயே தொலைவான ஊரில் வைத்திருப்பது) விதித்தார்கள்.

மாணவனுக்கு இன்னொரு வளையம். விண்ணப்பம் போட்டால் கல்லூரியிலிருந்து நீக்கம். நீக்கினால் படைச் சேவைக்கான விலக்கு போகும், அழைப்பாணை வரும். போய்ச் சேர்ந்தால் இரண்டாண்டு கழித்து 'ராணுவ ரகசியம் தெரிந்தவன்' என்று பல ஆண்டு மறுப்பு. சேர மறுத்தால் 80-வது பிரிவில் சிறை. பதினெட்டு வயதுப் பையனைப் பெற்றவர்கள் விண்ணப்பத்தை எந்த மாதம் போடுவது என்று கணக்குப் பார்த்ததன் காரணம் இது.

இன்னொரு கொடுமையான பிரிவு 64. தேசத்துரோகம் பற்றியது. 'வெளிநாட்டுக்குத் தப்பியோடுவது' துரோகத்தின் ஒரு வகை என்று அதிலேயே எழுதியிருந்தது. 1970 ஜூன் 15-ல் லெனின்கிராட் அருகே ஸ்மோல்னயெ விமான நிலையத்தில், பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன அன்-2 விமானத்தைக் கைப்பற்றி ஸ்வீடனுக்குப் பறக்கத் திட்டமிட்ட குழுவை ஏறுவதற்கு முன்பே பிடித்தார்கள். விமானி மார்க் திம்ஷித்ஸ், எதுவார்த் குஸ்னெத்சவ் இருவருக்கும் டிசம்பர் 24-ல் மரண தண்டனை. அதே வாரத்தில் ஸ்பெயினில் பிராங்கோ பாஸ்க் கைதிகளின் மரண தண்டனையைக் குறைத்ததும், டிசம்பர் 31-ல் மாஸ்கோவும் பதினைந்தாண்டாகக் குறைத்தது. விமானம் கடத்த முனைந்ததை நியாயப்படுத்தத் தேவையில்லை. சபையில் யாராவது கேட்டால் அதைக் குற்றம் என்றே சொல்லுங்கள். யாருக்கும் காயமில்லாத, தொடங்கவே செய்யாத முயற்சிக்கு மரண தண்டனை என்பதுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஷரான்ஸ்கி மேல் போட்டதும் 64, 70 தான். 1977 மார்ச் 15-ல் கைது, 1978 ஜூலையில் பதின்மூன்றாண்டு தண்டனை, 1986 பிப்ரவரி 11-ல் பெர்லின் கிளீனிக்கெ பாலத்தில் விடுதலை. அவர் வெறும் விசா விண்ணப்பதாரர் மட்டுமல்ல. 1976 மே மாதம் தொடங்கிய மாஸ்கோ ஹெல்சிங்கி குழுவின் உறுப்பினர். மனித உரிமைகளை மதிப்பதாக 1975-ல் சோவியத், ஐரோப்பிய, அமெரிக்கத் தலைவர்கள் கையெழுத்திட்ட ஹெல்சிங்கி ஆவணத்தை அரசு எங்கெல்லாம் மீறுகிறது என்று பதிவுசெய்த குழு அது. அவர் ஆபத்தானவராகத் தெரிந்தது அந்த வேலையால்தான்.

குடமுருட்டி, திருவையாறு:

தம்பி, அவர்கள் பட்ட பாடு வந்துவிட்டது. அவர்கள் செய்த வேலையையும் பேச்சில் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் கேட்பவர் மனதில் பாவப்பட்டவர்களாக மட்டும் தங்கிவிடுவார்கள். அரசு எதையும் எழுத்தில் தரவில்லை என்று அரசலாறு சொன்னாரே, இவர்கள் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தார்கள்.

1969 ஆகஸ்டில் ஜார்ஜியாவைச் சேர்ந்த பதினெட்டு யூதக் குடும்பங்கள் ஐ.நா.வுக்கு மனு எழுதின. மறைவுப் பெயர் இல்லை. குடும்பத் தலைவர்களின் பெயரும் முகவரியும் கீழே. நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் அதை நாடாளுமன்றத்தில் வாசித்தார். பிறகு வந்த மனுக்கள் எல்லாம் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டன: எப்போது விண்ணப்பித்தேன், எப்போது மறுத்தார்கள், வாய்மொழியாக என்ன சொன்னார்கள், எந்தச் சர்வதேசப் பிரிவு மீறப்பட்டது, என் பெயர், என் முகவரி. முகவரியோடு எழுதுகிறவரை ரகசியமாகக் காணாமலாக்குவது சுலபமில்லை.

நகல் எடுக்கும் இயந்திரம் தனியார் கையில் கிடையாது. தட்டச்சுதான். சிகரெட் தாள்போல மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து ஓங்கித் தட்டினால் நாலைந்து பிரதி வரும். அடிப்பிரதியில் எழுத்து மங்கி, 'எ' எது 'ஒ' எது என்று முழிக்கிற மாதிரி நிழலாக இருக்கும். வாங்கியவர் மறுபடி தட்டச்சு செய்து அடுத்த நாலுபேருக்குக் கொடுப்பார். 'சோவியத் ஒன்றியத்தில் யூதர்கள்' என்ற இதழ் 1972 முதல் இப்படித்தான் சுற்றியது. அதன் பொறுப்பில் இருந்த விக்தர் பிரைலோவ்ஸ்கி 1980-ல் கைதாகி ஐந்தாண்டு நாடுகடத்தப்பட்டார். அவர் வீட்டில் வேலை போன அறிவியலாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கும் நடந்தது. ஆய்வுக்கூடமும் நூலகமும் பறிபோனவர்கள் ஒருவருக்கொருவர் ஆய்வுரை வாசித்துத் துறையில் பின்தங்காமல் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு அறிவியலாளர்கள் மாஸ்கோ வரும்போது அங்கே வந்து பேசிப்போவார்கள்.

வெளியே சொல்லத் தொலைபேசி இருந்தது. வெளிநாட்டுக்குப் பேசினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். 1972-ல் தொலைத்தொடர்பு விதியையே அதற்காகத் திருத்தினார்கள். பிறகு பொதுத் தபாலகத்தில் போய் முன்பதிவு செய்து பேசினார்கள். லண்டனில் 1971-ல் தொடங்கிய பெண்கள் குழு ஒன்றின் பெயரே 'முப்பத்தைந்துகள்'. ஒடெசாவில் கைதான நூலகர் ரைசா பலாத்னிக்குக்கு அப்போது வயது 35. கைதிகளின் பெயர், பிறந்த நாள், சிறை முகவரி பார்த்துக் கடிதம் எழுதுவது, சுற்றுலாப் பயணியாகப் போய் மருந்தும் புத்தகமும் கொடுத்து வருவது, இதெல்லாம் அவர்கள் வேலை.

1978 ஜூன் 1 மாஸ்கோ கார்க்கி தெருவை ஒரு நிமிடம் விவரியுங்கள். வீரசோழன் சொன்ன ஸ்லெபாக்கும் மனைவி மரியாவும் தங்கள் வீட்டுப் பால்கனியில் துணியைத் தொங்கவிட்டார்கள்: 'எங்களை இஸ்ரேலில் உள்ள எங்கள் மகனிடம் போக விடுங்கள்.' கீழே கூட்டம். மேல்மாடியிலிருந்து அவர்கள்மேல் சுடுநீர் ஊற்றப்பட்டது. கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். 206-வது பிரிவு, போக்கிரித்தனம், ஸ்லெபாக்குக்கு ஐந்தாண்டு சைபீரிய நாடுகடத்தல். ஊர்வலம் இல்லை, வன்முறை இல்லை. சொந்த வீட்டுப் பால்கனியில் ஒரு துணி. இதா நூதெல் என்ற பொருளாதார நிபுணரும் அதே நாளில் தன் ஜன்னலில் 'கேஜிபி, என் விசாவைக் கொடு' என்று எழுதி வைத்தார் (கேஜிபி என்பது சோவியத் ரகசியப் போலீஸ்). அவருக்கு நான்காண்டு, தோம்ஸ்க் பகுதியில். அதற்கு முன்பு சிறையிலுள்ளவர்களுக்குப் பொட்டலம் அனுப்புவதை ஒரு ஒழுங்காக நடத்திவந்தவர் அவர். 1987 அக்டோபரில்தான் விசா வந்தது.

வெட்டாறு, நாகப்பட்டினம்:

கேள்வி நேரத்துக்காக இன்னும் மூன்று செய்தி.

'யாரையுமே விடவில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். எழுபதுகளில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள் வெளியேறினார்கள். எவரை விடுவது, எவரை நிறுத்துவது என்பதற்கு விதி இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. பக்கத்து மேசைக்காரர் போவார், இவர் நிற்பார்.

யூதர்கள் மட்டும் என்றும் சொல்லாதீர்கள். மேற்கு ஜெர்மனிக்குப் போக சோவியத் ஜெர்மானியர்கள் இதே ஓவீர் வாசலில் நின்றார்கள். 1978 ஜூனில் சைபீரியப் பெந்தகொஸ்தேக்காரர்கள் ஏழு பேர் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிப்புகுந்து, 1983 வரை அங்கேயே தங்கினார்கள்.

இஸ்ரேல் விசாவில் வந்தவர்களில் பலர் வியன்னாவில் இறங்கியதும் ரோம் வழியாக அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். எழுபதுகளின் கடைசியில் அவர்கள்தான் பெரும்பான்மை. 'அப்போ குடும்பம் சேர்வது என்பது பொய்தானே' என்று ஒருவர் மடக்குவார். அந்த ஒரு காரணத்தைத் தவிர வேறெதையும் ஓவீர் ஏற்காதபோது, போக விரும்பியவர் எல்லாரும் அதைத்தான் எழுத முடியும். அரசலாறு முதல் பதிவில் சொன்னதை அங்கே எடுத்துக்காட்டுங்கள்.

முடிவுக்கான தேதிகள்: 1987-ல் 8,000 பேர் சுமார், 1989-ல் 70,000-க்கு மேல். 1987 டிசம்பர் 6-ல், கர்பசோவ் வருகைக்கு முந்தின நாள், வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். வெளியேறும் உரிமையைச் சொல்லும் சட்டம் 1991 மே 20-ல் நிறைவேறியது. நடப்புக்கு வரக் குறித்த நாள் 1993 ஜனவரி 1. அதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போய்விட்டது. பலகையில் வரைபடம் போடுவதாக இருந்தால் ஆண்டுவாரி எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். காகிதங்களின் வரிசையை வாயால் சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்துக்கு வரும்போது நிதானமாகச் சொல்லுங்கள், நம் சனத்துக்கு உடனே புரியும் இடம் அதுதான்.